ஃபேன் கண்டன்சரும் பம்பாயில் பிறந்த ஆபீஸ் பையனும்

போன மாதம் எங்கள் வீட்டுக் கூடத்து ஃபேன் சுணங்கிவிட்டது. ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் சோம்பலாகச் சுற்றியது. எலக்ட்ரீஷியன் தம்பி வந்து ஸ்டூலில் ஏறி, மூடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல சார், கண்டன்சர் வீக் ஆயிடுச்சு" என்றார். பத்து நிமிடத்தில் புதியதை மாட்டிவிட்டு, பழையதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய வெள்ளை டப்பி. மேலே 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது. எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில், ஐம்பது வருஷத்துக்கு மேல் தொடாமல் கிடந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இந்த டப்பியை நேராக நம் வீட்டு 230 வோல்ட் லைனில் இணைத்தால் எவ்வளவு கரண்ட் ஓடும்? (ஃபேனுக்குள் இது ஒரு காயிலோடு சேர்ந்திருப்பதால் அங்கே கணக்கு மாறும். நான் போட்டது டப்பிக்கு மட்டும். யாரும் செய்து பார்க்க வேண்டாம்!)

எங்களைப் போல பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு இது பாட்டு மாதிரி மனப்பாடம்: "இ எகால் ஸே ஒமெகா யு." தமிழில் சொன்னால், மின்னோட்டம் = 2 × 3.1416 × அதிர்வெண் × கொள்ளளவு × வோல்டேஜ். நம் நாட்டில் அதிர்வெண் நொடிக்கு 50. ஆகவே 2 × 3.1416 × 50 = 314.16. அதை 0.0000025 ஆல் பெருக்கி, பிறகு 230 ஆல் பெருக்கினால் 0.18 ஆம்பியர். ரசீதில் என் கை 0,18 என்று எழுதியிருந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் தசமத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், காற்புள்ளிதான். முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஆபீசில் புள்ளி வைத்து எழுதியும், ரசீதின் பின்பக்கம் கிடைத்தால் கை பழைய வழிக்கே போகிறது.

விடை வந்தது. ஆனால் அன்று வகுப்பில் கேட்கத் தயங்கிய கேள்வியும் கூடவே வந்தது. டப்பிக்குள் இரண்டு உலோகத் தகடு. நடுவில் காகிதமோ பிளாஸ்டிக்கோ. தகடுகள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. வழியே இல்லாத இடத்தில் கரண்ட் எப்படி ஓடுகிறது? இந்த வாய்ப்பாட்டை முதலில் யார் கட்டினார்கள்? சில வாரம் இதைத் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே வைக்கிறேன்.

முதலில் கரண்ட் எப்படி ஓடுகிறது என்பது. உண்மையில் டப்பிக்குள் எதுவும் கடந்து போவதில்லை. ஒரு தகட்டில் மின்னேற்றம் வந்து நிரம்புகிறது, எதிர்த் தகட்டிலிருந்து அதே அளவு வெளியேறுகிறது. பாட்டரியில் இணைத்தால் ஒரு தடவை நிரம்பும், அத்தோடு சரி. வீட்டு மின்சாரம் அப்படியில்லை. நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக ஆடுகிறது. அதனால் தகடுகள் நிரம்புவதும் வடிவதும், மறுபுறமாக நிரம்புவதும் வடிவதுமாகவே இருக்கின்றன. வெளியே இருக்கும் வயரில் கரண்ட் போய் வந்துகொண்டே இருக்கிறது.

கூடத்து ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து ஊஞ்சல் எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்பது வோல்டேஜ். எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது கரண்ட். ஊஞ்சல் முனைக்குப் போனதும் ஒரு கணம் நிற்கும். அங்கே தூரம் உச்சம், வேகம் பூஜ்யம். நடுவைக் கடக்கும்போது வேகம் உச்சம், தூரம் பூஜ்யம். கண்டன்சரிலும் இப்படித்தான். கரண்ட் உச்சத்துக்கு வந்து கால் சுற்று கழிந்த பிறகுதான் வோல்டேஜ் உச்சத்துக்கு வரும். நம் வீட்டு லைனில் அந்தக் கால் சுற்று என்பது ஒரு நொடியில் 200இல் ஒரு பங்கு. ஊஞ்சலை அகலமாக ஆட்டினால் வேகம் கூடும், அடிக்கடி ஆட்டினாலும் கூடும். வோல்டேஜும் அதிர்வெண்ணும் வாய்ப்பாட்டில் வருவது அதனால்தான். தகடு பெரிதானால் அதே வோல்டேஜுக்கு அதிக மின்னேற்றம் பிடிக்கும். அதுதான் கொள்ளளவு.

இனி வரலாறு. இந்த டப்பியின் பாட்டன் ஒரு கண்ணாடி ஜாடி. 1745இல் பொமரேனியாவில் ஃபான் கிளைஸ்ட் என்பவரும், அடுத்த சில மாதங்களில் ஹாலந்தின் லைடன் நகரத்தில் முஷன்புரூக் என்ற பேராசிரியரும், ஜாடிக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கலாம் என்று தெரிந்துகொண்டார்கள். தெரிந்துகொண்ட விதம் அதிர்ச்சி வாங்கித்தான். பிரான்ஸ் ராஜ்யத்தையே கொடுத்தாலும் இன்னொரு முறை இதைத் தொட மாட்டேன் என்ற பொருளில் முஷன்புரூக் பாரிசுக்குக் கடிதம் எழுதினார். அந்தச் செய்தியைப் பரப்பி, ஜாடிக்கு "லைடன் ஜாடி" என்ற பெயரும் கொடுத்தவர் நொலே என்ற பிரெஞ்சுப் பாதிரியார். 1746இல் வெர்சாய் அரண்மனையில் பதினைந்தாம் லூயி மன்னர் முன்னால் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்க வைத்து, வரிசையின் ஒரு முனையில் ஜாடியைப் பிடிக்க வைத்து, மறுமுனையில் தொடச் சொன்னார். 180 பேரும் ஒரே கணத்தில் துள்ளினார்கள். பிறகு பாரிசில் இருநூறு துறவிகளையும் அப்படியே துள்ள வைத்தார்.

அந்த 1746ஆம் ஆண்டு நம் புதுச்சேரிக்காரர்களுக்கு மறக்க முடியாத ஆண்டு. துய்ப்ளே இங்கே கவர்னர். லாபூர்தொனே கப்பல்களோடு போய் சென்னைப்பட்டணத்தைப் பிடித்தது அந்தச் செப்டம்பரில்தான். ஆனந்தரங்கப் பிள்ளை அதையெல்லாம் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தார். மன்னருடைய வீரர்கள் இங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்த ஆண்டில், அங்கே அதே மன்னருடைய வீரர்கள் ஜாடியைத் தொட்டுத் துள்ளிக்கொண்டிருந்தார்கள்.

வேடிக்கையாக இருந்த ஜாடி, நூறு வருஷம் கழித்து வில்லங்கமாக வந்தது. கடலுக்கடியில் தந்தி கேபிள் போட ஆரம்பித்தார்கள். நடுவில் செம்புக் கம்பி, சுற்றிலும் கட்டாப்பர்ச்சா என்ற மரப்பிசின், வெளியே கடல்நீர். நடுவில் கடத்தாத பொருள், இரு பக்கமும் கடத்தும் பொருள். இது நீளமான லைடன் ஜாடி அல்லவா? 1854இல் ஃபாரடே இதை எடுத்துச் சொன்னார். தந்தி அடித்தால் முதலில் அந்த ஜாடி நிரம்ப வேண்டும், பிறகுதான் மறுமுனைக்குச் செய்தி போகும். கேபிள் இரண்டு மடங்கு நீளமானால் தாமதம் நான்கு மடங்காகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார் வில்லியம் தாம்சன், பின்னாளில் லார்டு கெல்வின். 1858இல் போட்ட அட்லாண்டிக் கேபிளில் அதிக வோல்டேஜ் ஏற்றிப் பார்த்தார்கள், சில வாரங்களிலேயே அது செத்துப்போனது. ஆகவே கண்டன்சரின் குணத்தைக் கையால் அறிந்தவர்கள் யாரென்றால் கேபிளோடு மல்லுக்கட்டிய தந்தி ஊழியர்கள்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஏசி மின்சாரம் வந்தது. லண்டனில் ஃபெர்ரான்ட்டி என்ற இளைஞர், டெப்ட்ஃபோர்டு என்ற இடத்தில் பெரிய மின்நிலையம் கட்டி, அங்கிருந்து நகரத்துக்கு 10,000 வோல்ட் கேபிள் இழுத்தார். செம்புக் குழாய்க்குள் செம்புக் குழாய், நடுவில் மெழுகுக் காகிதம். மறுபடியும் நீள ஜாடி! 1890 வாக்கில் அதை ஓட்டிப் பார்த்தபோது ஓர் அதிசயம். மின்நிலையத்தில் கிளம்பிய வோல்டேஜை விட, மைல் கணக்கில் பயணம் செய்து போய்ச் சேர்ந்த இடத்தில் வோல்டேஜ் அதிகமாக இருந்தது. வழியில் குறையும் என்பதுதானே எல்லோரும் அறிந்தது? கறந்த பாலை விடக் கடைக்கு வந்த பால் அதிகம் என்றால் யார் நம்புவார்கள்? (பாலில் அதற்கு வேறு காரணம் உண்டு.) கேபிளின் ஜாடிக் குணமும் காயில்களின் குணமும் சேர்ந்துகொண்டால் இப்படி ஆகும் என்று ஃபிளெமிங் என்ற பேராசிரியர் 1891இல் விளக்கினார். இன்றும் இதற்கு ஃபெர்ரான்ட்டி விளைவு என்றே பெயர்.

விளக்கலாம், ஆனால் கணக்குப் போடுவது தலைவேதனை. ஏன் என்று ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். 200 வோல்ட் ஏசியில் 300 ஓம் மின்தடை ஒன்று. அதோடு தொடராக ஏறத்தாழ 8 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்று. 50 அதிர்வெண்ணில் அந்தக் கண்டன்சர் 400 ஓம் அளவுக்குத் தடுக்கும். 300ம் 400ம் 700 என்று கூட்டி, 200ஐ 700ஆல் வகுத்தால் தப்பு. அளந்து பார்த்தால் 0.4 ஆம்பியர் ஓடும். மின்தடையின் மேல் 120 வோல்ட் இருக்கும். கண்டன்சரின் மேல் 160 வோல்ட் இருக்கும். இரண்டும் சேர்ந்து 200 வோல்ட்!

120ம் 160ம் 200. இந்த மாதிரி ஒரு கூட்டலை நான் பில்லில் போட்டிருந்தால் ஆடிட்டில் என் பென்ஷனே நின்றிருக்கும்.

காரணம் நம் ஊஞ்சல்தான். இரண்டு வோல்டேஜும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை, கால் சுற்று தள்ளித் தள்ளி வருகின்றன. ஆகவே நேர்க்கோட்டில் கூட்டக் கூடாது. ஒன்றைக் கிழக்காகவும் இன்னொன்றைத் தெற்காகவும் வரைந்து, செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை எடுக்க வேண்டும். 300, 400 என்றால் கர்ணம் 500. 200ஐ 500ஆல் வகுத்தால் 0.4. இன்று இது ஐடிஐ பையன் ஒரு வரியில் போடும் கணக்கு. 1890இல் இதற்கு ஒவ்வொரு தடவையும் நுண்கணிதச் சமன்பாடு எழுதித் தீர்க்க வேண்டும். சர்க்கியூட்டில் நாலு பொருள் இருந்தால் பக்கம் பக்கமாகப் போகும்.

இதை எளிதாக்கியவர்களில் ஒருவர் ஆர்தர் கென்னலி. 1861 டிசம்பரில் பம்பாய் கொலாபாவில் பிறந்தவர். தகப்பனார் கடற்படை அதிகாரி. சிறு வயதிலேயே தாயை இழந்து இங்கிலாந்துக்குப் போனார். 14 வயதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. சேர்ந்த முதல் வேலை, லண்டனில் தந்திப் பொறியாளர் சங்கத்தில் ஆபீஸ் பையன். அங்கே என்ன வேலை இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கடிதம் கொண்டுபோவது, புத்தகம் எடுத்துக் கொடுப்பது, அடுக்கி வைப்பது. எடுத்துக் கொடுக்கும் புத்தகத்தைப் பிரித்துப் படிப்பவனும் உண்டு, படிக்காதவனும் உண்டு. நான் இரண்டாவது ரகம். அவர் முதல் ரகம். 1876இல் ஈஸ்டர்ன் தந்தி கம்பெனியில் சேர்ந்து, மால்டா தீவில் வேலை பார்த்து, கேபிள் பழுது பார்க்கும் கப்பலில் மின்பொறியாளர் ஆனார். பத்து வருஷத்துக்கு மேல் கடலடி ஜாடிகளோடு பழக்கம். கல்லூரி வாசலை மிதிக்கவில்லை, எல்லாம் சொந்தப் படிப்பு.

1887 கடைசியில் அமெரிக்காவுக்குப் போய் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கேதான் கதையில் எனக்குச் சங்கடமான பகுதி வருகிறது. எடிசன் டிசி கட்சி, வெஸ்டிங்ஹவுஸ் ஏசி கட்சி. ஏசி ஆளைக் கொல்லும் என்று ஊருக்குக் காட்ட ஹரால்டு பிரவுன் என்பவர் கிளம்பினார். 1888இல் எடிசனின் ஆய்வுக்கூடத்திலேயே நாய்களையும், பிறகு கன்றுகளையும் ஒரு குதிரையையும் ஏசி மின்சாரம் பாய்ச்சிக் கொன்று சோதித்தார்கள். அந்தச் சோதனைகளில் பிரவுனுக்குத் துணையாக நின்று அளவெடுத்தவர் கென்னலி. 1890 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் மின்நாற்காலியில் முதல் மரண தண்டனை நடந்ததும் இந்தப் பரிசோதனைகளின் தொடர்ச்சிதான்.

மேலிடத்து உத்தரவுக்குக் கீழே வேலை பார்த்தவன் என்ற முறையில் அந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன். எனக்குச் சம்மதமில்லாத உத்தரவுகளையும் முத்துமுத்தான கையெழுத்தில் படி எடுத்து அனுப்பியவன்தான் நான். அதனால் கென்னலியைக் கூண்டில் ஏற்றும் யோக்கியதை எனக்கில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் அவரைப் புகழ்வதும் நியாயமில்லை.

அதே மனிதர், எடிசன் ஆய்வுக்கூடத்தில் இருந்தபடியே, 1893 ஏப்ரலில் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். தலைப்பு "இம்பீடன்ஸ்". அந்தச் சொல்லை 1886இல் உருவாக்கியவர் ஆலிவர் ஹெவிசைடு. அவரும் 16 வயதில் பள்ளியை விட்டுத் தந்தி ஆபீசில் வேலை பார்த்தவர்தான். கென்னலி சொன்னது இதுதான்: மின்தடை, காயில், கண்டன்சர் மூன்றையும் ஒரே கணக்கில் அடக்கலாம். பள்ளியில் படித்த ஓம் விதியே போதும். ஆனால் எண்கள் கலப்பெண்களாக இருக்க வேண்டும்.

கலப்பெண் என்றதும் பயந்துவிட வேண்டாம். ஓர் எண்ணை மைனஸ் ஒன்றால் பெருக்குவது, கிழக்கே பார்த்து நிற்பவனை மேற்கே திரும்பச் சொல்வது போல. அது அரைச் சுற்று. இரண்டு தடவை செய்தால் அரைச் சுற்று வரும்படியான ஒரு பெருக்கல் வேண்டுமென்றால், அது ஒரு தடவைக்குக் கால் சுற்றாகத்தானே இருக்க வேண்டும்? அதுதான் மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம். முந்நூறு வருஷமாகக் கணித மேதைகள் "கற்பனை எண்" என்று சொல்லி வைத்திருந்ததை, கண்டன்சரில் கரண்ட் முந்திக்கொண்டு வரும் அந்தக் கால் சுற்றுக்கு அப்படியே பொருத்திவிட்டார்கள்.

அதே 1893 ஆகஸ்டில் சிக்காகோ மின்சார மாநாட்டில் ஸ்டைன்மெட்ஸ் என்பவர் இந்த முறையை வோல்டேஜ், கரண்ட் எல்லாவற்றுக்குமாக விரித்து முழு சாஸ்திரமாக்கினார். இவர் ஜெர்மனியின் பிரெஸ்லாவில் கணிதம் படித்தவர். சோஷலிசப் பத்திரிகை வேலையால் போலீசுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடியவர். பிறவியிலேயே கூன் முதுகு. 1889இல் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது இவரைத் திருப்பி அனுப்ப இருந்தார்கள் என்றும், கூட வந்த நண்பர் பொறுப்பேற்றதால்தான் உள்ளே விட்டார்கள் என்றும் சொல்வார்கள்.

அதன் பிறகு ஏசி கணக்கு எல்லோர் கைக்கும் வந்தது. எவ்வளவு தடிமன் கம்பி, எவ்வளவு பெரிய கண்டன்சர் என்பதெல்லாம் கூட்டல் பெருக்கலில் முடிந்தது. மோட்டாருக்குப் பக்கத்தில் கண்டன்சர் வைக்கச் சொல்கிறார்களே, அதுவும் இந்தக் கணக்குதான். மோட்டாரின் காயிலில் கரண்ட் பின்தங்கி வரும், கண்டன்சரில் முந்தி வரும். ஒன்றுக்கொன்று ஈடு கட்டினால் லைனில் வீண் கரண்ட் குறையும். கண்டன்சர் தன் பங்குக்கு மின்சாரத்தைத் தின்பதும் இல்லை. கால் சுற்றில் வாங்கியதை அடுத்த கால் சுற்றில் திருப்பிக் கொடுத்துவிடும். நாணயமான கைமாற்று.

ஏசியின் அபாயத்தைக் காட்ட அளவெடுத்துக் கொடுத்த கை, ஐந்து வருஷத்தில் ஏசியை எளிதாக்கும் கணக்கையும் எழுதியது. ஒன்று உத்தரவின் பேரில் செய்தது. மற்றது தானாகத் தேடிச் செய்தது. இன்றைக்கு நம் வீட்டில் ஓடிக்கொண்டிருப்பது இரண்டாவதுதான்.

கென்னலி பிறகு 1902இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார், ஆபீஸ் பையனாகத் தொடங்கியவர்! ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் அடுக்கு ஒன்று வானத்தில் இருக்க வேண்டும் என்று அதே வருஷம் அவரும் ஹெவிசைடும் தனித்தனியே சொன்னார்கள். நாமெல்லாம் ராத்திரியில் சிற்றலையில் தூர தேசத்து நிலையங்களைத் தேடிப் பிடித்துக் கேட்டோமே, அந்தச் சத்தம் வானத்து அடுக்குகளில் பட்டுத் திரும்பி வந்ததுதான். நிலையத்தைப் பிடிக்க நாம் திருகிய குமிழ் எது என்று நினைக்கிறீர்கள்? அதுவும் ஒரு கண்டன்சர். ஒரு வரிசைத் தகடு இன்னொரு வரிசைக்குள் நுழைந்து வெளியே வரும். ரேடியோ மெக்கானிக்குகள் கேங் கண்டன்சர் என்பார்கள்.

பழைய டப்பியை இன்னும் தூக்கிப் போடவில்லை. மேஜை இழுப்பறையில், அந்த ரசீதோடு வைத்திருக்கிறேன். அந்த எலக்ட்ரீஷியன் தம்பி அடுத்த தடவை வரும்போது 120ம் 160ம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். அவர் 200 என்று சொல்லிவிட்டால் காப்பி என் செலவு.